பூச்சு உலரமுன் பெயின்ற் வேண்டாம்

கேள்வி: உட்சுவர்ப் பூச்சு முடிந்து பன்னிரண்டு நாள். தை முடிவில் குடிபூரல். சுவர் வெளிறிவிட்டது, இப்பவே பெயின்ற் அடிக்கலாம் என்கிறார் மேசன். அடிக்கலாமா?
கொடிகாமம் வாசகி

பதில்: பொறுங்கள். வெளிறியது மேல்தோல்தான். ஒரு கிழமை தண்ணீர் அடித்த ஈரம் கல்லுக்குள் இன்னும் கிடக்கிறது. வெயில் காலத்திலேயே 28 நாள் விடவேண்டும். இந்த மார்கழிக் குளிரில் ஆறு கிழமை என்று வையுங்கள். குடிபூரலுக்கு அப்போதும் நாள் மிஞ்சும்.

ஈரம் மட்டுமல்ல, புதுச் சீமெந்தின் காரமும் பகை. எனாமல் பூசினால் அதன் எண்ணெயைச் சவர்க்காரமாக்கி, பிசுபிசுத்து உரியச் செய்யும். நீர் கலந்து அடிக்கும் இமல்ஷனில் நிறம் திட்டுத்திட்டாக வெளுக்கும். அடியில் ஈரமிருந்தால் கொப்பளிக்கும்.

உலர்ந்ததா என்று பார்க்க, ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனை நான்கு பக்கமும் ரேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்பக்கம் நீர் முத்து முத்தாக நின்றாலோ சுவர் கறுத்திருந்தாலோ இன்னும் உலரவில்லை. குளியலறைப் பக்கச் சுவரில், நிலத்தோடு ஒட்டிய இடத்தில் பாருங்கள். கடைசியாகக் காய்வது அங்கேதான்.

பிறகு உதிரும் மணலைச் சுரண்டி, தும்புத்தடியால் தூசு தட்டுங்கள். அடுத்து சுவரைச் சமப்படுத்தும் பசை. அது அக்ரிலிக் பில்லர் என்றால் முதலில் காரம் தாங்கும் சீலர் (அடிப்பூச்சு) ஒரு பூச்சு. சீமெந்துப் புட்டி என்றால் சீலர் வேண்டாம், சுவரை லேசாக நனைத்து நேரே இழுக்கலாம். எதுவானாலும் ஒரு தடவைக்கு ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேல் தடித்தால் வெடிக்கும். இரண்டு மெல்லிய பூச்சு, காய்ந்தபின் 180, பிறகு 220 இலக்க அரத்தாள். இரவில் ரோர்ச்சைச் சுவரோடு அணைத்துச் சாய்த்துப் பிடியுங்கள்: பகலில் மழமழவெனத் தெரிந்த சுவரில் தகடு இழுத்த கோடெல்லாம் நிழல் விழுந்து காட்டும். தேய்த்த தூளைத் துடைக்காமல் பூசினால் பெயின்ற் தூளில்தான் ஒட்டும், சுவரில் அல்ல. துடைத்தபின் ஒரு சீலர், அதன்மேல் இமல்ஷன் இரண்டு.

கேள்வி: புதுச் சுவரில் கீழ் இரண்டடிக்கு வெள்ளையாக உப்புப் பூக்கிறது. கழுவினால் மறைந்து, பிறகு வருகிறது.
வல்வெட்டித்துறை வாசகர்

பதில்: கழுவுவதால்தான் வருகிறது. நீரில் கரைந்த உப்பு திரும்பச் சுவருக்குள் போய், காயும்போது வெளியே வருகிறது. உலர்ந்த பிறஷால் தேய்த்துக் கூட்டி அள்ளுங்கள். கிழமைக்கொரு தடவை, பூப்பது நிற்கும்வரை. உவர்க் கிணற்று நீரில் குழைத்தாலோ கழுவாத கடல் மணல் கலந்தாலோ இது வரும், ஆனால் நாளடைவில் குறையும். குறையாமல் கீழ்ப்பகுதியில் மட்டும் நீடித்தால் அத்திவாரத்தின்மேல் ஈரத்தடுப்புப் படை இல்லை அல்லது பழுது. மாரியில் நிலநீர் உயர உயர சுவர் அதை உறிஞ்சும். அதற்கு உள்ளே நீர்த்தடுப்புப் பெயின்ற் அடிப்பது காசுக்குக் கேடு. ஈரம் இன்னும் மேலே ஏறும்.

கேள்வி: 12க்கு 10 அடி அறை, உயரம் 10 அடி. எத்தனை லீற்றர்?
சுன்னாகம் வாசகி

பதில்: சுற்றளவு 44 அடி, சுவர் 440 சதுர அடி. ஒரு கதவு, இரண்டு யன்னலுக்கு 53 கழித்தால் 387. லீற்றருக்கு 110 சதுர அடி என்று கொண்டால் இரண்டு பூச்சுக்கு 7 லீற்றர்; 4 லீற்றர் ரின் இரண்டு. ரின்களின் தொகுதி இலக்கம் வேறென்றால் இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துவிட்டுத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் சுவரின் நடுவில் நிறம் மாறும்.