கல்லோயாவில் ஏன் இவ்வளவு நேரம்?

வாசகர் கேள்வி – எங்கள் பதில்

கொழும்பு கோட்டையில் இருந்து திருகோணமலைக்கு வரும் இரவு அஞ்சல் ரயிலின் ஊழியர்களையும் பயணிகளையும் பற்றிய ஆவணப்படம் ஒன்று கடந்த மாதம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. அதைப் பார்த்துவிட்டு எங்களுக்குக் கடிதம் எழுதியவர்களில் பாதிப்பேர் ஊழியர் பக்கம், பாதிப்பேர் பயணிகள் பக்கம். படத்தில் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை ஆட்களால் வந்தவை அல்ல, ஒற்றைப் பாதையால் வந்தவை என்பதே எங்கள் எண்ணம். அதனால் கடிதங்களில் இருந்த கேள்விகளை மட்டும் எடுத்து, ரயில் வேலை தெரிந்தவர்களைக் கொண்டு பதில் எழுதியிருக்கிறோம்.

படத்தில் கோச்சி ஒரு நிலையத்தில் நாற்பது நிமிடம் நிற்கிறது. சனம் நிலைய அதிபரைத் திட்டுது. அவர் வாய் திறக்காமல் ஒரு இரும்புப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவ்வளவு நேரமும் அவருக்கு அங்கே என்ன வேலை?
– வாசகர், தம்பலகாமம்

முழுப் பயணமும் அந்தப் பெட்டியில்தான் தங்கியிருக்கிறது. படம் அதைச் சில செக்கன்கள் காட்டிவிட்டு நகர்ந்தது பெரிய குறை.

1927இல் திறந்த நம் பாதை கல்லோயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையில் இருந்து பிரிந்து, கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா வழியாகத் திருகோணமலையில் முடிகிறது. ஏறத்தாழ 70 கிலோமீற்றர், முழுவதும் ஒற்றைத் தண்டவாளப் பாதை. எதிரெதிராக வரும் இரண்டு ரயில்கள் பக்கப்பாதை உள்ள நிலையத்தில் மட்டுமே ஒன்றையொன்று கடக்கலாம். இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஒரே நேரத்தில் ஒரு ரயிலுக்கு மேல் நுழையாமல் காப்பதுதான் டெப்லட் முறை.

1874இல் இங்கிலாந்தின் தோர்ப் என்ற இடத்தில் ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்கள் நேருக்குநேர் மோதின. தந்தியில் அனுப்பிய அனுமதியில் நேர்ந்த ஒரு பிழையே காரணம். அதன் பிறகு எட்வேர்ட் டயர் என்பவர் உருவாக்கியதுதான் அதிபர் பார்த்துக்கொண்டிருந்த அந்த இரும்புப் பெட்டி, டெப்லட் கருவி. மனிதர் மறந்தாலும் கருவி மறக்கக்கூடாது என்பதே இதன் அடிப்படை.

கந்தளாயும் கல்லோயாவும் ஒரு பிரிவின் இரு முனைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிலையங்களிலும் ஒவ்வொரு கருவி, நடுவே கம்பித் தொடர்பு. கருவிக்குள் உள்ளங்கையளவு வட்டத் தகடுகள் அடுக்கியிருக்கும்; இவைதான் டெப்லட். ஒவ்வொரு தகட்டிலும் அந்த இரு நிலையங்களின் பெயர் பொறித்திருக்கும். கந்தளாயில் இருந்து ரயில் புறப்பட வேண்டுமானால் அங்குள்ள அதிபர் மணியடித்துப் பாதை கேட்பார். பாதை வெறுமையாக இருந்தால் கல்லோயா அதிபர் மணியால் பதில் சொல்லி, தன் கருவியின் குமிழை அழுத்துவார். அந்த மின்னோட்டம் வந்து சேர்ந்தால்தான் கந்தளாய்க் கருவி ஒரு தகட்டை விடும். விட்டவுடன் இரண்டு கருவிகளும் பூட்டிக்கொள்ளும். அந்தத் தகடு ஏதாவது ஒரு கருவிக்குள் திரும்பப் போகும்வரை இரண்டாவது தகட்டை எடுக்க வழியே இல்லை. சாரதியின் கையில் அந்தத் தகடு இல்லாமல் ரயில் அந்தப் பிரிவுக்குள் போகக்கூடாது.

இனி அந்த நாற்பது நிமிடத்துக்கு வருவோம். எதிரே வரும் ரயில் ஏற்கெனவே பிரிவுக்குள் நுழைந்துவிட்டால் தகடு அதனிடம் இருக்கிறது. நிலைய அதிபர் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறெதுவும் செய்ய முடியாது. அந்த ரயில் வந்து நின்ற பிறகும் வேலை இருக்கிறது: கடைசிப் பெட்டி வரை வந்துவிட்டதா என்று பார்க்கவேண்டும், தகட்டை வாங்கிக் கருவியில் இடவேண்டும், மணியடித்து மீண்டும் பாதை கேட்கவேண்டும், பாதையை மாற்றவேண்டும், சமிக்ஞைக் கையை இறக்கவேண்டும். சுறுசுறுப்பாகச் செய்தாலும் சில நிமிடங்கள் போகும். எதிர் ரயில் இருபது நிமிடம் பிந்தினால் நம் ரயிலும் இருபது நிமிடம் பிந்தும். பிறகு நம் ரயிலுக்காக இன்னொன்று வேறொரு நிலையத்தில் காத்து நிற்கும். ஒற்றைப் பாதையில் தாமதம் தொற்றுநோய் மாதிரிப் பரவும்.

பயணிகளுக்கு இதில் ஒரு பயன் உண்டு. "எப்ப வெளிக்கிடும்?" என்று கேட்டால் நிலைய அதிபரால் சரியான பதில் சொல்ல முடியாது. "எதிர்க் கோச்சி எங்க நிற்குது?" என்று கேளுங்கள். அது அவருக்கு உறுதியாகத் தெரியும். மிச்சக் கணக்கை நீங்களே போடலாம். மேடை முனையில் உள்ள சமிக்ஞைக் கை கிடையாக இருக்கும்வரை ரயில் அசையாது. எதிர் ரயில் வந்து நின்ற பிறகு தேத்தண்ணி வாங்க இறங்காதீர்கள்.

ஓடும் எஞ்சினில் இருந்து கையை நீட்டி வளையத்தைப் பறிக்கிற காட்சி மெய்சிலிர்க்க வைத்தது. பிடி தவறினால்?
– வாசகி, மூதூர்

நிற்காத ரயிலுக்குத் தகட்டைக் கொடுக்கும் வழி அந்த வளையம். அதன் அடியில் ஒரு தோல் பை தொங்கும். தகடு அதற்குள் இருக்கும். கையில் தகடு அகப்படாது என்பதால்தான் அவ்வளவு பெரிய வளையம். எஞ்சினில் உதவியாளர் முழங்கையை மடித்து நீட்ட, வளையம் கைக்குள் புகுந்து தோள்வரை ஏறும். விரலால் பிடிக்கப் போனால் விரல் முறியும். நிலையத்துக்குள் ரயில் வேகத்தைக் குறைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தவறினால் ரயிலை நிறுத்தித்தான் ஆகவேண்டும். ஒருவர் இறங்கிப் பின்னால் நடந்து, புதருக்குள் தேடி எடுத்து வரவேண்டும். வந்ததும் பையைத் திறந்து, தகட்டில் உள்ள நிலையப் பெயர்களை வாசித்த பிறகே வேகம் கூட்டுவார்கள். வேறு பிரிவின் தகடு தவறிக் கைக்கு வந்துவிட்டால் அது இல்லாததற்குச் சமம்.

யானை மீது மோதுவதைத் தவிர்க்கச் சாரதிக்கு என்ன தடை? வெளிச்சம் இருக்கிறது, பிறேக் இருக்கிறது. படத்தில் சாரதி அழுததைப் பார்த்தும் எனக்குச் சமாதானம் வரவில்லை.
– வாசகர், கந்தளாய்

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீற்றர் என்றால் செக்கனுக்கு 16.7 மீற்றர். சாரதி பார்த்து, பிறேக் இழுத்து, அது எல்லாப் பெட்டிகளுக்கும் எட்ட 3 செக்கன் என்று கொள்வோம். அதற்குள் 50 மீற்றர் போய்விடும். பிறகு ஒவ்வொரு செக்கனும் செக்கனுக்கு 0.6 மீற்றர் வீதம் வேகம் குறைகிறது என்று வைத்தால் நிற்க இன்னும் 230 மீற்றர் வேண்டும். மொத்தம் 280 மீற்றர். நேர்ப்பாதையில்கூட இரவில் கருமையான யானையை அவ்வளவு தூரத்தில் வேறுபடுத்திக் காண்பது கடினம். வளைவில் வெளிச்சம் தண்டவாளத்தில் விழாமல் காட்டுக்குள் போய்விடும். இரும்புச் சில்லு, இரும்புத் தண்டவாளம். பனியில் நனைந்திருந்தால் வழுக்கல் வேறு.

இதே கணக்கை 30 கிலோமீற்றர் வேகத்துக்குப் போட்டால் ஏறத்தாழ 83 மீற்றர். 20 கிலோமீற்றருக்கு 42. வேகம் பாதியானால் நிற்கும் தூரம் பாதிக்கும் மிகக் குறைவாகிறது. ஆகவே யானையைக் காப்பது பிறேக் அல்ல, வேகக் கட்டுப்பாடு. ஹபரணை, கல்லோயா, மின்னேரியா சுற்றியுள்ள காட்டுப் பகுதியில் இரவு ரயில் ஊர்ந்து போனால் முணுமுணுக்காதீர்கள். 2025 பெப்ரவரி 20 அன்று கல்லோயாவுக்கு அருகே ரயில் மோதி ஆறு யானைகள் ஒரே நேரத்தில் இறந்தன. ரயிலும் தடம் புரண்டது. இது நடந்தது நம் வீட்டு வாசலில்.

கந்தளாய் வாசகரின் கோபம் நியாயமானது. ஆனால் அது சேரவேண்டிய இடம் சாரதி அல்ல. அட்டவணை போடுகிறவர்கள் மெதுவான பகுதிக்கு உரிய நேரத்தை அதில் சேர்க்கவேண்டும். சேர்க்காவிட்டால் சாரதி வேகக் கட்டளையை மீறவேண்டும், அல்லது தாமதத்துக்குப் பதில் சொல்லவேண்டும்.

பயணிகள் செய்யக்கூடியது ஒன்று: காட்டுப் பகுதியில் சோற்றுப் பார்சல், பழத்தோல், போத்தல் எதையும் வெளியே எறியாதீர்கள். தண்டவாள ஓரத்தில் தீனி கிடைத்தால் யானை அந்த ஓரத்துக்கே திரும்பத் திரும்ப வரும்.

ரிக்கற் பரிசோதகருக்கும் ஒரு அரச ஊழியருக்கும் நடந்த வாக்குவாதத்தில் யார் சரி? அவர் கையில் வாரண்ட் இருந்ததே.
– ஆசிரியை, திருகோணமலை

பரிசோதகர் சொன்னது சரி. சொன்ன விதம் சரியில்லை. வாரண்ட் என்பது அரச ஊழியருக்குக் கொடுக்கும் ரயில் பயண அனுமதிப் பத்திரம், பயணச்சீட்டு அல்ல. அதை நிலையக் கருமபீடத்தில் கொடுத்து, சீட்டாக மாற்றிக்கொண்டே ஏறவேண்டும். வரிசை நீளமாக இருந்தது என்று வாரண்டோடு ஏறியவர், சட்டப்படி சீட்டில்லாப் பயணி. கட்டணத்தோடு தண்டமும் கேட்கலாம். நேரம் போதாவிட்டால் ஏறுவதற்கு முன்பே ரயில் பாதுகாவலரான கார்ட்டிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். ஏறிய பிறகு, பரிசோதகர் கேட்கும்போது சொல்வது வேறு.

வாரண்ட் எந்த வகுப்புக்கு என்பதையும், நிரப்பிய நிலையப் பெயர்களையும் முன்கூட்டியே பாருங்கள். முற்பதிவு செய்த ஆசனமானால் பதிவில் கொடுத்த அதே அடையாள அட்டை கையில் இருக்கவேண்டும்.

கைப்பேசி விழுந்ததற்காக ஒரு இளைஞர் சங்கிலி இழுத்தார். ரயில் நின்றதும் ஏன் உடனே புறப்படவில்லை?
– வாசகர், நிலாவெளி

சங்கிலி ஒரு வால்வைத் திறக்கிறது. வெற்றிட பிறேக் உள்ள பெட்டிகளில் குழாய்க்குள் காற்று இல்லாதபோதுதான் பிறேக் தளர்ந்திருக்கும். வால்வு திறந்து வெளிக்காற்று உள்ளே பாய்ந்தவுடன் பிறேக் பிடித்துக்கொள்ளும். கார்ட் எந்தப் பெட்டி என்று தேடிப் போய் வால்வை மூடவேண்டும். பிறகு எஞ்சின் அத்தனை பெட்டிகளின் குழாயிலும் உள்ள காற்றை உறிஞ்சி வெளியேற்றவேண்டும். கார்ட் பெட்டியின் அளவுமானியில் வெற்றிடம் சரியாகக் காட்டவேண்டும். ரயில் நீளமானால் நேரமும் நீளும். முதல் பதிலில் சொன்ன தகடு இதற்கிடையில் நம்மிடமே இருக்கிறது, அதனால் எதிர் ரயிலும் எங்கோ காத்திருக்கிறது.

ஆள் விழுந்தால், தீயோ புகையோ கண்டால், சில்லுப் பக்கம் எரியும் நாற்றம் வந்தால் தயங்காமல் இழுங்கள். கைப்பேசி விழுந்தால் அருகில் தெரியும் தூரக் கம்பத்தின் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, அடுத்த நிலையத்தில் கார்ட்டிடம் சொல்லுங்கள். தண்டவாளத்தில் தினமும் நடந்து பார்க்கும் ஊழியர் உண்டு; எண் தெரிந்தால் அவர் தேடலாம்.

அந்தச் சுத்தியல்காரரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லுங்கள். படத்தில் கண் இமைக்குமுன் போய்விட்டார்.
– வாசகி, சீனக்குடா

கடிதங்களில் எங்களுக்கு மிகப் பிடித்த கேள்வி இது. மேலே சொன்ன, தண்டவாளத்தில் தினமும் நடந்து பார்க்கும் ஊழியர்தான் அவர்.

தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை வைத்து ஆணி முறுக்கியிருக்கும். நடுவே சிறு இடைவெளி விடுவார்கள். 13 மீற்றர் தண்டவாளம் ஒன்று, காலைக்கும் நண்பகலுக்கும் 25 பாகை வெப்பம் கூடினால் ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் நீளும். ஒரு கிலோமீற்றருக்குச் சேர்த்தால் 29 சென்ரிமீற்றர், ஒரு அடிக்குச் சற்றுக் குறைவு. இடைவெளி அடைபட்டாலோ, துருப்பிடித்து இணைப்பு இறுகினாலோ அந்த நீட்சிக்குப் போக இடமில்லை. பாதை பாம்பு போல வளைந்துவிடும். நம் சோளகக் காலத்து வெயிலில் இது வெறும் எச்சரிக்கை அல்ல. இடைவெளி மிகக் கூடினால் ஒவ்வொரு சில்லும் முனையைக் குத்தும். ஆணி தளரும், முனை நொறுங்கும்.

அவர் சுத்தியலால் தட்டுவது காதால் பார்ப்பதற்கு. நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். வெடிப்பு இருந்தால், ஆணி தளர்ந்திருந்தால் ஒலி மங்கும். முறுக்கக்கூடியதை அங்கேயே முறுக்குவார். முடியாததென்றால் சிவப்புக் கொடி கட்டி, தண்டவாளத்தில் வெடிச் சமிக்ஞை வைத்து, நிலையத்துக்குச் செய்தி அனுப்புவார். வெடியின் மேல் சில்லு ஏறினால் சத்தம் கேட்டுச் சாரதி நிறுத்துவார். இவ்வளவையும் செய்பவருக்குப் படம் ஒரு வசனம்கூடக் கொடுக்கவில்லை.

கல்லோயா என்றால் அம்பாறைப் பக்கம்தானே?
– மாணவர், கிண்ணியா

இல்லை. அம்பாறையில் உள்ளது கல்லோயா ஆறும் குடியேற்றத் திட்டமும். ரயில் சந்தி ஹபரணைப் பக்கம். பேருந்தில் போய்ச் சந்தியில் ரயில் ஏற நினைப்பவர்கள் "கல்லோயாச் சந்தி, ஹபரணை" என்று சேர்த்துக் கேளுங்கள்.

படத்தின் முடிவில் கடவையில் ஓட்டோ சிக்கிக்கொள்கிறது. அப்படி நடந்தால் என்ன செய்யவேண்டும் என்று படம் சொல்லவில்லை.
– ஓட்டோ சாரதி, உப்புவெளி

முதலில் அங்கே சிக்காமல் இருக்க: கடவைக்கு முன்பே கியரை மாற்றி முடித்துவிடுங்கள், தண்டவாளத்தின் மேல் மாற்றாதீர்கள். பாட்டை நிறுத்துங்கள். முன்னால் போகும் வண்டி மறுபக்கம் போய் உங்களுக்கு இடம் விட்ட பிறகே ஏறுங்கள்.

நின்றுவிட்டால் ஆட்களை உடனே இறக்கித் தண்டவாளத்தில் இருந்து நன்றாகத் தள்ளி அனுப்புங்கள். ஒருவர் ரயில் வரக்கூடிய பக்கமாக, தண்டவாள ஓரமாக ஓடவேண்டும். எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் இருவர் இரு பக்கமும் ஓடவேண்டும். கடவையிலேயே நின்று கையசைத்துப் பயனில்லை, மேலே சொன்ன 280 மீற்றரை நினைத்துப் பாருங்கள். பகலில் சிவப்புத் துணி, இல்லாவிட்டால் எந்தத் துணியும். இரவில் கைப்பேசி வெளிச்சம், வேகமாகக் குறுக்கும் மறுக்குமாக. மற்றவர் 119க்கு அழைத்து, கடவையின் இடத்தையும் அருகிலுள்ள நிலையத்தின் பெயரையும் சொல்லட்டும். இவ்வளவும் ஆன பிறகு நேரம் இருந்தால் ஓட்டோவைத் தள்ளுங்கள்.