மனசுக்குள் ஒரு மொய் நோட்டு: கேள்வி பதில்

எங்கள் சபையில் மனக்கசப்போடு வருகிறவர்களுடன் பல வருடங்களாக உட்கார்ந்து பேசி வருகிறேன். வந்த கேள்விகளில் ஐந்துக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, சொத்தில் என்னை ஏமாற்றிய அண்ணனை மன்னித்துவிட்டேன் என்று ஜெபிக்கிறேன். மறுநாளே மனசு கொதிக்கிறது. என் ஜெபம் பொய்யா?

பதில்: பொய் இல்லை தம்பி. ‘எத்தனை தரம் மன்னிக்க வேண்டும், ஏழு தரமா?’ என்று பேதுரு கேட்டபோது, இயேசு ‘ஏழெழுபதுதரமட்டும்’ என்றார். அது புதுப்புதுத் தப்புகளுக்கான கணக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரே தப்பு ராத்திரி படுத்ததும் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறதே, அதற்கும் அந்தக் கணக்கு வேண்டியிருக்கிறது.

நெதர்லாந்துக்காரரான கோரி டென் பூம், யூதர்களை ஒளித்துவைத்ததற்காகப் பிடிபட்டு நாஜிகளின் ராவன்ஸ்புரூக் சிறைமுகாமில் அடைபட்டவர். அவருடைய அக்கா பெட்சி அங்கேயே இறந்துபோனார். 1947இல் ஜெர்மனியின் மியூனிக்கில் கோரி மன்னிப்பைப் பற்றிப் பேசி முடித்ததும், அந்த முகாமின் பழைய காவலாளி ஒருவர் வந்து கையை நீட்டி மன்னிப்புக் கேட்டார். பேசியவருக்கே கை எழவில்லை. உள்ளுக்குள் ஜெபித்துவிட்டு, மரக்கட்டை மாதிரிதான் கையைத் தூக்கினார். உணர்வு அப்புறம்தான் வந்தது.

கேள்வி: ஒரு விசேஷத்தில் மாமியார் பேசிய பேச்சில் என் அம்மா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். ‘சின்ன விஷயம், விடு’ என்கிறார் கணவர்.

பதில்: அது சின்ன விஷயம் இல்லை. மத்தேயு 18ஆம் அதிகார உவமையில் ஒரு வேலைக்காரனிடம் அவனுடைய உடன்வேலைக்காரன் பட்ட கடன் நூறு வெள்ளிப்பணம். அன்றைக்கு ஒரு பணம் ஒரு நாள் கூலி. மூன்று மாதத்துக்கு மேல் உழைத்த காசு! இயேசு அதை அற்பம் என்று ஒதுக்கவில்லை. கடன் கொடுத்த அந்த வேலைக்காரனுக்கே ராஜா தள்ளுபடி செய்த பதினாயிரம் தாலந்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார். ஒரு தாலந்தே ஏறக்குறைய 6,000 பணம்.

கடன் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் நான் வசூலிக்கப் போவதில்லை என்பதுதான் மன்னிப்பு. யார் எவ்வளவு செய்தார்கள் என்று மொய் நோட்டு வைத்திருப்போமே, அதுபோல மனசுக்குள்ளும் ஒன்று இருக்கிறது. அன்பு ‘தீங்கு நினையாது’ என்று 1 கொரிந்தியர் 13இல் வாசிக்கிறோம். அங்கே கிரேக்கத்தில் இருப்பது கணக்கு எழுதுகிறவர்கள் பயன்படுத்திய சொல். முதலில் அம்மாவின் இலை அப்படியே கிடந்ததைப் பார்த்து உங்களுக்கு எவ்வளவு வலித்தது என்று கணவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கணக்கை அழிப்பதற்கு முன்னால் அது என்னவென்று அவருக்கும் தெரியட்டும்.

கேள்வி: கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். ‘மன்னித்துத் திரும்பிப் போ’ என்கிறார்கள்.

பதில்: போகாதே தங்கச்சி. மன்னிப்பது வேறு, சேர்ந்து வாழ்வது வேறு. எல்லாரோடும் சமாதானமாயிருக்கச் சொல்லும் ரோமர் 12:18 ‘கூடுமானால் உங்களாலானமட்டும்’ என்றுதான் தொடங்குகிறது. யோசேப்பு, தன்னை விற்றுப்போட்ட அண்ணன்மார் மாறியிருக்கிறார்களா என்று சோதித்துப் பார்த்த பிறகே தன்னை வெளிப்படுத்தினார். 1999இல் ஒடிசாவில் கணவரையும் இரண்டு மகன்களையும் எரித்துக் கொன்றவர்களை கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் மன்னித்தார். அதற்காக வழக்கு நின்றுவிடவில்லை. ஆபத்து என்றால் 181க்குக் கூப்பிடு, அது பெண்களுக்கான உதவி எண்.

கேள்வி: அப்பாவோடு பேசாமலே இருந்துவிட்டேன். போன மாதம் இறந்துவிட்டார்.

பதில்: அவரிடம் சொல்ல நினைத்ததை எல்லாம் ஆண்டவரிடம் சொல்லுங்கள். அழுகை வந்தால் அடக்காதீர்கள்.

கேள்வி: தப்பு அவர்கள் மேல். நான் ஏன் முதலில் போக வேண்டும்?

பதில்: மத்தேயு 5:23இல் இயேசு, உன்பேரில் சகோதரனுக்குக் குறை இருந்தால் நீ போ என்கிறார். 18:15இல் அவன் உனக்குக் குற்றம் செய்தாலும் நீ போ என்கிறார். இரண்டு பக்கமும் அடைத்துவிட்டார்!

அம்மாவின் வளையலுக்காக நானும் என் தங்கையும் நான்கு வருடம் பேசவில்லை. ஒரு ஞாயிறு திருவிருந்துக்கு முழங்கால் போட முடியாமல் எழுந்து, நேரே அவள் வீட்டுக்குப் போனேன். கையெல்லாம் அரிசி மாவோடு கதவைத் திறந்தாள். என்ன சொல்வதென்று இருவருக்கும் தெரியவில்லை. “சாப்பிட்டியாக்கா?” என்றாள். வளையல் பேச்சு எடுக்க இன்னும் ஒரு மணி நேரம் ஆனது.