விருதைத் திருப்பிக் கொடுப்பது – கடிதம்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

போன ஞாயிறு தண்டையார்பேட்டைக் கூட்டத்தில் உங்கள் பேச்சைக் கேட்டேன். 2015-இல் சாகித்ய அகாடமி விருதைத் திருப்பிக் கொடுத்தவர்களைப் பாராட்டிப் பேசினீர்கள். எனக்கு உடன்பாடில்லை. அந்த விருதுக்கு ஆளைத் தேர்ந்தெடுத்தது மந்திரி இல்லை, சக எழுத்தாளர்கள்தான். பணம் மக்கள் வரிப்பணம். திருப்பிக் கொடுத்தால் யாருக்கு வலிக்கும்? பேப்பரில் படம் வரும், அவ்வளவுதான். அதற்கு முன்னால் நடந்த அநியாயங்களுக்கு ஏன் கொடுக்கவில்லை? ‘திருப்பித் தர மாட்டேன்’ என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும் என நாடாளுமன்றக் குழு சொன்னதில் என்ன தப்பு? கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள்.

க., பழைய வண்ணாரப்பேட்டை

அன்புள்ள தம்பி,

கோபம் எதற்கு? கூட்டத்திலேயே எழுந்து கேட்டிருக்கலாம். நாலு பேர் சேர்ந்து பேசியிருப்போம்.

சக எழுத்தாளர்கள் கொடுத்த விருது என்கிறீர்கள். உண்மைதான். அதனால்தான் அவர்களுக்கு அவ்வளவு வலித்தது. 2015 ஆகஸ்ட் 30, கர்நாடகத்தின் தார்வாடில் காலை நேரம். வீட்டுக் கதவு தட்டப்பட்டு, திறந்த எம்.எம். கல்புர்கியைச் சுட்டுக் கொன்றார்கள். 76 வயது. வாழ்நாள் முழுக்கக் கன்னடச் சிவனடியார்களின் வசனப் பாடல்களை ஆராய்ந்தவர், ஹம்பி கன்னடப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். 2006-இல் அகாடமியே அவருக்கு விருது கொடுத்திருக்கிறது. தன் வீட்டுப் பிள்ளை செத்துக் கிடக்கும்போது பெரியவர்கள் வாய் திறக்க வேண்டாமா? டெல்லியில் இருக்கிற அகாடமியிடமிருந்து ஒரு கண்டனம் வரும் என்று காத்திருந்து, வராமல் போன பிறகுதான் செப்டம்பரில் இந்தி எழுத்தாளர் உதய் பிரகாஷ் முதலில் திருப்பிக் கொடுத்தார். அந்த மாசக் கடைசியில் உத்தரப் பிரதேசத்துத் தாத்ரியில் மாட்டிறைச்சி வைத்திருந்தார் என்று சொல்லி ஒரு மனிதரை வீடு புகுந்து அடித்தே கொன்றார்கள். அக்டோபரில் நயன்தாரா சேகல், அசோக் வாஜ்பேயி, சாரா ஜோசப், கிருஷ்ணா சோப்தி என்று வரிசையாக ஏறக்குறைய 40 பேர். அக்டோபர் 23 அன்று எழுத்தாளர்கள் வாயில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு அகாடமி வாசலுக்கு ஊர்வலம் போனார்கள். அன்றைக்குத்தான் நிர்வாகக் குழு கூடி, கொலையைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. விருதுகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்படியும் கேட்டுக்கொண்டது. கல்புர்கி செத்து 54 நாள் ஆகியிருந்தது. யாருக்கு வலிக்கும் என்று கேட்டீர்களே, அந்தத் தீர்மானத்தை வேறு எது வரவழைத்திருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

‘முன்னால் ஏன் கொடுக்கவில்லை’ என்பதற்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. முன்னாலும் கொடுத்திருக்கிறார்கள். ஜாலியன்வாலா பாக்குக்காக 1919-இல் தாகூர் ‘சர்’ பட்டத்தைத் துறந்தார். அதற்கும் ஒரு வருஷம் முன்னால் நம் சென்னையிலேயே, ஹைகோர்ட் நீதிபதியாக இருந்த எஸ். சுப்பிரமணிய ஐயர் வெள்ளைக்காரன் கொடுத்த பட்டத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நெருக்கடி நிலையின்போது கன்னட எழுத்தாளர் சிவராம காரந்த் பத்ம பூஷணைத் திருப்பினார். பொற்கோயிலுக்குள் ராணுவம் புகுந்ததற்காக 1984-இல் எழுத்தாளர் குஷ்வந்த் சிங்கும் அதே விருதைத் திருப்பினார். இந்த இரண்டு பேர் திருப்பியபோதும் டெல்லியில் ஆட்சியில் இருந்தது காங்கிரஸ், 2015-இல் இருந்த கட்சி இல்லை.

சரி, பணத்துக்கும் ‘நாடகம்’ என்ற பேச்சுக்கும் வருகிறேன். இதற்கு நான் நம் பக்கத்தில் பார்த்ததைத்தான் சொல்ல வேண்டும்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் மழை. எண்ணூர் முகத்துவாரம் முழுக்க வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்தது. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு, தொட்டால் பிசுபிசு. அப்புறம் நிவாரணக் கணக்கெடுப்பு நடந்தது. அதில் பெயர் விட்டுப்போன ஒரு குப்பத்துப் பெண்கள், பதினைந்து இருபது பேர், ரேஷன் கார்டை ஒப்படைக்கப் போகிறோம் என்று ஒரு அரசு அலுவலகத்துக்குக் கிளம்பினார்கள். நானும் கூடப் போனேன். ஒரு அக்கா எவர்சில்வர் தட்டு கொண்டுவந்திருந்தார், சீர்வரிசைக்கு வைப்பார்களே அந்த மாதிரித் தட்டு. ஒவ்வொருத்தராக ஸ்மார்ட் கார்டை எடுத்து, முந்தானையில் துடைத்துத் தட்டில் வைத்தார்கள். திருப்பிக் கொடுக்கப் போகிற கார்டை எதற்குத் துடைக்க வேண்டும்? எனக்கு அது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

உள்ளே இருந்த அதிகாரி தட்டைப் பார்த்துவிட்டு, “இதை வாங்கிக்க எனக்கு ரூல் இல்லம்மா” என்றார். “ரூல் இல்லன்னா எங்க பேரை எழுதிக்க சார்” என்றார் அந்த அக்கா. சாயங்காலம் வரைக்கும் தட்டு மேஜை மேலேயே இருந்தது. கடைசியில் மேலே இருக்கிற ஒருவர் வந்து உட்கார்ந்து பேசினார், பெயர்களை எழுதிக்கொண்டார். கார்டை அவரவர் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அடுத்த மாசம் அரிசி வாங்க அதே கார்டுதானே வேண்டும்.

அதை நாடகம் என்பீர்களா தம்பி? அரசாங்கத்துக்கும் அவர்களுக்கும் நடுவில் இருக்கிற ஒரே கயிறு அந்தக் கார்டு. ‘அந்த முனையில் நீ இருக்கிறாயா’ என்று கயிற்றை இழுத்துப் பார்க்கிறார்கள். எழுத்தாளனிடம் அப்படி என்ன இருக்கிறது? ஒரு செப்புப் பட்டயம், ஒரு சால்வை, ஒரு லட்ச ரூபாய். அவனும் அதைத்தான் இழுத்துப் பார்க்க முடியும். பணத்துக்கும் செக் எழுதி அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். வயதான காலத்தில் ஒரு எழுத்தாளருக்கு அது சின்னத் தொகை கிடையாது. அந்த அக்காவுக்கு அரிசி போயிருக்கும், இவர்களுக்கு மரியாதை. இரண்டும் ஒரே எடை என்று நான் சொல்ல மாட்டேன். அவருடையதுதான் கனம். ஆனால் வழி ஒன்றுதான்.

அதே டிசம்பரில்தான் மல்யுத்த வீரர் பஜ்ரங் புனியா, பிரதமரிடம் தன் பத்மஸ்ரீயைத் திருப்பித் தரப் போனார். போலீஸ் மறித்த இடத்தில், நடைபாதையிலேயே பதக்கத்தை வைத்துவிட்டு வந்தார். குத்துச்சண்டை பழகுகிற பையன்கள் தெருவுக்குத் தெரு இருக்கிற ஊர் நம்முடையது. ஒரு மெடலுக்குப் பின்னால் எத்தனை வருஷம் உதைபட வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

இப்போது அந்த உறுதிமொழிப் பத்திரம். 2023 ஜூலையில் வந்த பரிந்துரை அது. விருது கொடுக்கும் முன்பே ஒப்புதல் வாங்கிவிட வேண்டும், திருப்பிக் கொடுத்தவரை இனிமேல் அப்படிப்பட்ட விருதுக்குப் பரிசீலிக்கக் கூடாது என்றது. குழுவுக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. உங்களுக்கு அது சாதாரண ஒப்பந்தம் மாதிரித் தெரிகிறது. எனக்கு நெஞ்சு பதைக்கிறது. கார்டு கொடுக்கும்போதே அந்த அக்காவிடம், ‘என்ன நடந்தாலும் தட்டில் வைத்துக் கொண்டுவர மாட்டேன்’ என்று கைநாட்டு வாங்கினால் எப்படி இருக்கும்? எண்ணெய் நாளைக்கு வரப்போவது அவருக்கு எப்படித் தெரியும்? 2006-இல் கல்புர்கிக்குப் பட்டயம் கொடுத்தபோது 2015 யாருக்குத் தெரியும்? நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாமலே, நாளைய கோபத்தை இன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடச் சொல்கிறார்கள். அப்படி எழுதிக் கொடுத்து வாங்குகிற விருதை நான் தொட மாட்டேன். என்னைவிட நன்றாக எழுதுகிறவர்களும் தொடக் கூடாது என்றுதான் கேட்டுக்கொள்வேன்.

திருப்பிக் கொடுக்காதவர்களை நான் குறை சொல்லவில்லை. அறிக்கை விட்டவர்கள் உண்டு, அகாடமிப் பொறுப்புகளை விட்டு விலகிய சச்சிதானந்தன், சசி தேஷ்பாண்டே போன்றவர்கள் உண்டு. அவரவர் கையில் எது இருந்ததோ அதை வைத்தார்கள்.

அடுத்த ஞாயிறும் தண்டையார்பேட்டைக்கு வருகிறேன். அந்த அக்காவிடம் பேசினேன், மீன் வியாபாரம் முடிந்தால் வருகிறேன் என்றிருக்கிறார். உங்கள் கேள்வியை அவரிடமே கேளுங்கள்.

அன்புடன்,
அண்ணன்