ஸ்டீராய்டைக் குறைக்கும்போது வலி கூடினால், நோய் திரும்பிவிட்டது என்று பொருளா?

பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 10 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியதிலிருந்து உடம்பெல்லாம் வலிக்கிறது, பழைய அளவுக்கே போய்விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடக்குவாதத்துக்காக அதே மாத்திரையைச் சாப்பிட்டு, இப்போது மெல்லக் குறைத்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தக் கட்டத்தில் வரும் வலி எல்லாமே நோயின் வலி அல்ல.

சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள், ஏறக்குறைய 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்கு ஈடான கார்டிசால் என்ற இயற்கை ஸ்டீராய்டு ஹார்மோனைத் தினமும் சுரக்கின்றன. அதைவிட அதிகமாக மாத்திரை வழியே வாரக்கணக்கில் கிடைத்துவந்தால், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அட்ரினலைத் தூண்டுவதைக் குறைத்துக்கொள்ள, அட்ரினலும் வேலை மறந்து சுருங்கிவிடுகிறது. 30இலிருந்து 20க்கு இறங்கும்போது இது பெரும்பாலும் தெரிவதில்லை, ஏனென்றால் தேவைக்கு மேலேயே மருந்து இருக்கிறது. 10க்குக் கீழே இறங்கி 5ஐ நெருங்க நெருங்கத்தான் உடம்பு தன் பங்கைச் சுரந்தாக வேண்டும் என்பதால், அங்கே பலருக்கும் மாதத்துக்கு 1 மில்லிகிராம் என்ற அளவில் குறைக்கிறார்கள். எரிச்சலூட்டும் வேகம்தான், ஆனால் காரணம் இல்லாமல் இல்லை.

மருந்து குறைவதால் வரும் வலி தசைகளிலும் மூட்டுகளிலும் பரவலாக, காய்ச்சலுக்கு முந்தைய நாள் உடம்பு முறிவதைப் போல இருக்கும். கூடவே அசதி, பசியின்மை, எழுந்து நின்றால் தலைசுற்றல். நோய் தலைதூக்கினால் வலி இடம் பிடித்து உட்காரும். எனக்குக் கை விரல்களில்தான் முதலில் தெரியும்: முஷ்டி மடக்கினால் விரல் முட்டிகளுக்கு நடுவே தெரிய வேண்டிய பள்ளங்கள் வீங்கித் தூர்ந்துபோயிருக்கும், தொட்டால் சூடாக இருக்கும், காலை இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும். எனினும் இரண்டும் ஒன்றாகவே வருவதும் உண்டு. ஆகவே கைப்பரிசோதனையோடு நிறுத்தாமல், அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி என்ற இரத்தப் பரிசோதனைகளையும், அட்ரினல் விழித்துக்கொண்டதா என்று பார்க்கக் காலை எட்டு மணி வாக்கில் எடுக்கும் கார்டிசால் பரிசோதனையையும் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். வலி எந்த மூட்டில், எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொண்டு போனால், "ரொம்ப வலிக்கிறது டாக்டர்" என்பதைவிட அது அவருக்குப் பயன்படும்.

முடக்குவாதத்தையே கட்டுப்படுத்தும் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்து தொடங்கியிருந்தால், அதன் பலன் தெரிய 6 முதல் 12 வாரங்கள் ஆகலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஸ்டீராய்டு அதற்குள் வேகமாகக் குறைந்தால் நடுவில் உள்ள காலம் கடினமாகத்தான் இருக்கும். அந்த இடைவெளியை டைக்ளோஃபினாக் போன்ற வலிமாத்திரைகளால் நாமாகவே நிரப்பிக்கொள்வது ஆபத்து: ஸ்டீராய்டோடு சேரும்போது இரைப்பைப் புண்ணும் இரத்தக்கசிவும் வரும் வாய்ப்பு கூடுகிறது.

மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். கடும் காய்ச்சல், விபத்து, அறுவைச் சிகிச்சை போன்ற நேரங்களில் உடம்புக்குக் கூடுதல் ஸ்டீராய்டு தேவைப்படும். வாந்தியால் மாத்திரை உள்ளே தங்கவில்லை என்றாலோ, மயக்கம் வந்தாலோ உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் சென்று, ஸ்டீராய்டு சாப்பிடுவதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பழைய அளவுக்கே போவதா என்ற கேள்விக்கு வருகிறேன். பெரும்பாலும் அவ்வளவு தூரம் ஏற வேண்டியிருப்பதில்லை. கடைசியாக வலியில்லாமல் இருந்த அளவுக்கு ஒரு படி ஏறி, சில வாரம் அங்கேயே நின்று, பிறகு அரை மில்லிகிராம் போலச் சிறிய படிகளில் இறங்கச் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் மாற்றித் தந்தார்கள், இப்போது 6இல் நிற்கிறேன்.