பேன் மருந்து போட்டும் திரும்பத் திரும்ப வருகிறதா? எத்தனையாவது நாள், எந்த அளவுப் பேன் என்று பாருங்கள்

கேள்வி: எட்டு வயது மகளுக்கு மூன்று முறை பேன் மருந்து போட்டாயிற்று. ஒவ்வொரு முறையும் பத்து நாள் போல நிம்மதி, அப்புறம் மறுபடி சொறிய ஆரம்பிக்கிறாள். மருந்து வேலை செய்யவில்லையா, இல்லை பள்ளியிலிருந்து புதிதாக ஏறுகிறதா?

இதை ஊகிக்க வேண்டியதில்லை, அவள் தலையிலேயே தெரிந்துவிடும். மருந்து போட்ட பிறகு எந்த நாளில் எந்த அளவுப் பேன் சிக்குகிறது என்று பாருங்கள். அதைப் படிக்கப் பேனின் நாள்கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

பெண் பேன் ஒன்று சுமார் ஒரு மாதம் உயிரோடு இருக்கும். நாளொன்றுக்கு ஆறு, எட்டு என்று ஈறு வைக்கும். தலைச்சூடு வேண்டும் என்பதால் வேரை ஒட்டித்தான் வைக்கும். வெப்பமான இடங்களில் சற்றுத் தள்ளியும் இருக்கலாம். ஈறு பொரிய 7 முதல் 10 நாள். பொரிந்த குஞ்சு மூன்று முறை தோலுரித்துப் பெரிய பேனாக மேலும் 7 முதல் 12 நாள். அதுவரை அது ஈறு வைக்காது. தலையை விட்டு விழுந்த பேன் இரத்தம் கிடைக்காமல் ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும். தாவாது, பறக்காது, முடியைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்துதான் அடுத்த தலைக்குப் போகும்.

இப்போது மருந்து போட்ட மறுநாளே தலையை அலசாமல் பேன் சீப்பு போட்டுப் பாருங்கள் (எந்தச் சீப்பு, எப்படி வார வேண்டும் என்று கீழே சொல்கிறேன்). பெரிய பேன்கள் முன்போலவே சுறுசுறுப்பாக ஓடினால், மருந்து பேனைக் கொல்லவில்லை. ஒன்றிரண்டு மட்டும் மந்தமாக அசைந்தால் கவலை வேண்டாம், சில மருந்துகள் மெதுவாகத்தான் கொல்லும்; சீப்பால் எடுத்துப் போடுங்கள், அதற்காக உடனே இன்னொரு முறை மருந்து பூசாதீர்கள்.

மறுநாள் சுத்தமாக இருந்து, ஏழெட்டு நாள் கழித்து ஒரு மில்லிமீட்டர் அளவில் வெளிறிய குஞ்சுகள் மட்டும் கிடைத்தால், மருந்து தன் வேலையைச் செய்துவிட்டது. அதற்குத் தப்பிய ஈறுகள் பொரிந்திருக்கின்றன, இரண்டாவது தடவை போடவில்லை என்று பொருள். மறுநாள் சுத்தம், ஆனால் நாலைந்து நாளில் எள் அளவுக்குப் பெரிய பேன் ஒன்று கிடைக்கிறதா? நாலைந்து நாளில் எந்த ஈறும் பொரிந்து அவ்வளவு பெரிதாகிவிடாது. அது வேறு தலையிலிருந்து வந்தது. பள்ளியாக இருக்கலாம், அதைவிட, அதே படுக்கையில் படுக்கும் தங்கையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

நீங்கள் சொல்லும் “பத்து நாள் நிம்மதி” பெரும்பாலும் இரண்டாவது வகை. பேன் மருந்துகளில் பல ஈறுகளை முழுதாகக் கொல்வதில்லை. பெர்மெத்ரின் 1% அப்படிப்பட்டது. அதனால்தான் ஒன்பதாம் நாள் இரண்டாவது தடவை போடச் சொல்கிறார்கள். அந்த நாளுக்குக் காரணம் இருக்கிறது: முதல் நாளில் தலையில் இருந்த ஈறுகள் அநேகமாக எல்லாமே அதற்குள் பொரிந்திருக்கும், முதலில் பொரிந்த குஞ்சுகூட இன்னும் ஈறு வைக்கும் வயதுக்கு வந்திருக்காது. நாலாம் நாளே போட்டால் பாதி ஈறு இன்னும் பொரியாமல் இருக்கும். “மறுபடி சொறிந்தால் பார்க்கலாம்” என்று பதினைந்து, இருபது நாள் விட்டால் புதுத் தலைமுறை ஈறு வைத்து முடித்திருக்கும், கணக்கு மறுபடி முதலிலிருந்து. டைமெத்திகோன் லோஷனாக இருந்தால் பொதுவாக ஏழாம் நாள். எதுவானாலும் அட்டையில் போட்டிருக்கும் நாளைக் காலண்டரில் எழுதிவையுங்கள், அரிப்பை நம்பாதீர்கள். அரிப்பு என்பது பேனின் எச்சிலுக்குத் தோல் காட்டும் ஒவ்வாமை. முதன்முறை பேன் வந்த குழந்தைக்கு அரிப்புத் தொடங்கவே நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம். பேன் எல்லாம் செத்த பிறகும் சில நாள் அரிக்கலாம்.

மறுநாளே பெரிய பேன் ஓடுகிறது என்றால், மருந்தைக் குறை சொல்லும் முன் போட்ட விதத்தைப் பாருங்கள். பெர்மெத்ரினைக் கெடுப்பது பெரும்பாலும் கண்டிஷனர். முதலில் கண்டிஷனர் இல்லாத சாதா ஷாம்பு போட்டு அலசி, துண்டால் நீர் சொட்டாத அளவுக்குத் துவட்டிவிட்டு, அப்புறம்தான் மருந்து. எண்ணெய்த் தலையிலோ கண்டிஷனர் போட்ட முடியிலோ மருந்து சரியாக ஒட்டாது. தண்ணீர் சொட்டும் முடியில் நீர்த்துப்போகும். காதுக்குப் பின்னால், பிடரியில் முடி தொடங்கும் இடம், இந்த இரண்டிலும்தான் பேன் அதிகம். அவசரத்தில் விட்டுப்போவதும் அதே இரண்டு இடம்தான். பத்து நிமிடம் என்றால் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம். இடுப்புவரை முடி இருக்கும் பெண்ணுக்கு 60 மில்லி புட்டி ஒன்று போதாது, இரண்டு தேவைப்படும். வேர்முதல் நுனிவரை நனைய வேண்டும். குனிய வைத்துத் தலையை மட்டும் அலசுங்கள், உடம்பெல்லாம் வழிய விட வேண்டாம். வெந்நீரும் வேண்டாம், தோல் மருந்தை அதிகம் உறிஞ்சும். அதன்பின் ஒன்றிரண்டு நாள் தலைக்கு ஊற்றாமல் விடுங்கள்.

இத்தனையும் சரியாகச் செய்தும் பேன் ஓடினால் அந்த மருந்துக்கு அந்தப் பேன்கள் பழகிவிட்டன. பெர்மெத்ரின், பைரெத்ரின் இரண்டும் பேனின் நரம்பில் ஒரே இடத்தைத் தாக்குபவை. அந்த இடமே மாறிப்போன பேன்கள் இப்போது உலகின் பல பகுதிகளிலும் உண்டு. ஒன்று பலிக்காவிட்டால் மற்றதும் பலிக்காது, வேறு பெயரில் இன்னொரு புட்டி வாங்கிப் பயனில்லை. அளவைக் கூட்டுவதும், இரவெல்லாம் ஊறவிடுவதும், துணி கட்டி மூடிவைப்பதும் பேனைவிடக் குழந்தைக்குத்தான் கெடுதல்.

அப்போது மாற வேண்டியது வேறு வகைக்கு. டைமெத்திகோன் என்பது ஒரு சிலிகோன். நரம்பைத் தொடாமல், பேனைப் பூசி மூடி, உடம்பிலிருந்து நீரை வெளியேற்ற முடியாதபடி அடைத்துக் கொல்கிறது. அதனால் மருந்துக்குப் பழகிய பேனும் இதற்குச் சாகும். 4% லோஷனை உலர்ந்த முடியில் வேரிலிருந்து நுனிவரை பூசி, எட்டு மணி நேரமோ இரவு முழுவதுமோ விட்டு, காலையில் ஷாம்பு போட்டு அலச வேண்டும். கால் மணி நேரத்தில் அலசும் தயாரிப்புகளும் உண்டு, அட்டையைப் படியுங்கள். பூசிய தலை எளிதில் தீப்பிடிக்கக்கூடியது. அடுப்பு, விளக்கு, சிகரெட், முடி உலர்த்தி எதன் பக்கமும் போகக்கூடாது. இதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

மருந்தை மாற்றுவதா வேண்டாமா என்று குழம்பினால், பேன் பழகவே முடியாத வழி ஒன்று இருக்கிறது: ஈரத்தலையில் சீப்பு. அலுப்பான வேலை, நீண்ட முடிக்கு அரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஆனால் தீராத பேனுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான், கூடவே மருந்து போட்டாலும் போடாவிட்டாலும்.

சீப்பு உலோகப் பல் கொண்டதாக இருக்கட்டும், பல்லிடைவெளி 0.3 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். நகத்தால் நெருடிப் பாருங்கள். பல் வளைந்து விலகினால் அந்த இடைவெளியில் குஞ்சு தப்பிவிடும். மருந்துப் பெட்டியோடு இனாமாக வரும் பிளாஸ்டிக் சீப்புகள் பல இந்தச் சோதனையில் தோற்றுவிடும்.

தலையை அலசி, ஈரம் போகாமல், சாதாரணக் கண்டிஷனரை முடியெல்லாம் வெள்ளையாகத் தெரியும் அளவுக்குத் தாராளமாகப் பூசுங்கள். (பெர்மெத்ரின் போடும் அன்றும், அடுத்த ஒன்றிரண்டு நாளும் இதைச் செய்யக்கூடாது.) உலர்ந்த தலையில் வெளிச்சம் பட்டதுமே பேன் ஓடி ஒளிந்துவிடும், கண்டிஷனரில் ஊறினால் சற்று நேரம் அசையாமல் நிற்கும். அந்த நேரம்தான் நமக்கு லாபம். அகலப்பல் சீப்பால் முதலில் சிக்கெடுங்கள். சிக்கோடு பேன் சீப்பை இழுத்தால் குழந்தை ஒரு தடவையோடு இனி உட்கார மாட்டாள். பிறகு வகிடு எடுத்து, சீப்பின் அகலத்துக்கு மேற்படாத கற்றையாகப் பிரித்து, மற்றதை கிளிப் போட்டு ஒதுக்கிவிடுங்கள். சீப்பின் பல் தலைத்தோலைத் தொட வேண்டும். அங்கிருந்து நுனிவரை ஒரே இழுப்பு.

ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளை டிஷ்யூவில் துடைத்துப் பாருங்கள். விடை தெரிவது இங்கேதான். கண்டிஷனர் நுரைக்கு நடுவே பழுப்புப் புள்ளி கிடக்கும். உற்றுப் பார்த்தால் ஆறு காலும், வயிற்றுக்குள் குடித்த இரத்தம் கருஞ்சிவப்புக் கோடாகவும் தெரியும். பெரிதா, குஞ்சா, எத்தனை என்று தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். ஒரே கற்றையை மேலிருந்தும் அடியிலிருந்தும் வாருங்கள். தலை முழுக்க முடிந்ததும் அலசிவிட்டு, இன்னொரு முறை முழுதாக வாருங்கள். இரண்டாவது சுற்றிலும் ஏதாவது கிடைக்கும்.

இதை 1, 5, 9, 13ஆம் நாள்களில் செய்யுங்கள். நாலு நாளுக்கொரு முறை என்பதால் இடையில் பொரியும் குஞ்சு ஈறு வைக்கும் வயதை எட்டும் முன்னே சீப்பில் வந்துவிடும். ஒரு தடவை தவறினாலும் சங்கிலி அறுந்துவிடும். 17ஆம் நாள் சோதித்துப் பாருங்கள். 5ஆம் நாளிலோ அதற்குப் பிறகோ பெரிய பேன் கிடைத்தால் அந்த நாளிலிருந்து மறுபடி எண்ணுங்கள். தொடர்ந்து மூன்று தடவை ஒன்றும் கிடைக்காவிட்டால் முடிந்தது.

ஈறுகளைப் பற்றி ஏகப்பட்ட பயம் இருக்கிறது. வேரிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, வெள்ளையாகத் தெரிபவை பெரும்பாலும் பொரிந்துபோன வெறும் கூடுகள். முடி வளர வளர அவையும் கூடவே கீழிறங்குகின்றன. உயிருள்ள ஈறு வேரை ஒட்டி, மங்கிய பழுப்பில், முடியின் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒட்டியிருக்கும். இரண்டு நகத்துக்கு நடுவே நசுக்கினால் டப்பென்று வெடிக்கும். வெறும் கூடு வெடிக்காது. விரலால் தள்ளினால் எளிதாக நகர்வது பொடுகு. வெறும் கூட்டைப் பார்த்துவிட்டு மருந்து மேல் மருந்து போடுவதால்தான் பல குழந்தைகளின் தலைத்தோல் புண்ணாகிறது. உயிருள்ள பேனைக் கண்ணால் பார்த்தால் மட்டும் மருந்து. ஈறு ஒட்டியிருக்கும் பசை முடியைப் போன்றே புரதத்தால் ஆனது, எனவே அதைக் கரைத்துவிடும் என்று நம்பி வினிகரை ஊற்றிப் பெரிய பலன் இல்லை. சீப்பும் நகமும்தான்.

வெளியிலிருந்து ஏறுகிறது என்று தெரிந்தால் வீட்டில் எல்லாத் தலையையும் ஒரே நாளில் பாருங்கள். அம்மா தலையை யாரும் பார்ப்பதில்லை, அப்பாவின் குட்டை முடியையும் விட்டுவிடுகிறார்கள். உயிருள்ள பேன் இருக்கும் எல்லோருக்கும் அதே நாளில் மருந்து, அதே நாளில் இரண்டாவது தடவை. ஞாயிறு ஒருத்திக்கு, புதன் இன்னொருத்திக்கு என்றால் பேன் இரண்டு தலைக்கும் நடுவே போய் வந்துகொண்டிருக்கும். அவளோடு தலை முட்ட விளையாடும் தோழிகள் வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும், ஆனால் சுத்தமான தலையிலும் பேன் வரும். பள்ளிக்கு முடியைப் பின்னியோ கொண்டை போட்டோ அனுப்புங்கள். பேனுக்காகப் பள்ளியை விட்டு நிறுத்த வேண்டியதில்லை.

வீட்டைப் புரட்டிப்போட வேண்டாம். கடந்த இரண்டு நாள் தலை பட்ட தலையணை உறை, துண்டு, தொப்பியை வெந்நீரில் துவையுங்கள். துவைக்க முடியாததை இரண்டு வாரம் பையில் கட்டிவையுங்கள். சீப்புகளைச் சூடான நீரில் பத்து நிமிடம் ஊறப்போடுங்கள். மெத்தைக்குப் பூச்சிமருந்து அடிப்பது வீண், மூச்சுக்கும் கேடு. நாய், பூனைக்கு இந்தப் பேன் ஏறாது.

மண்ணெண்ணெய், பூச்சிக்கொல்லி, செடிக்கு அடிக்கும் மருந்து எதையும் குழந்தை தலையில் வைக்கவே கூடாது. சீத்தாப்பழ விதைப்பொடியும் அப்படியே. கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கும், தலைக்குப் போட்டதே வழிந்து கண்ணுக்குள் போய்விடும். கற்பூரம் வாய்க்குள் போனால் சிறு குழந்தைக்கு வலிப்பு வரலாம். வெறும் எண்ணெய் பேனை மந்தமாக்கும், கொன்றுவிடும் என்று நம்ப முடியாது. சீப்பு வழுக்கிப் போக உதவும், அவ்வளவே. மொட்டை அடித்தால் பேன் போய்விடும், உண்மைதான். எட்டு வயதுப் பெண்ணிடம் கேட்காமல் செய்ய அது காரணமாகாது.

இரண்டு வேறு வகை மருந்துகளை நாள் தவறாமல் போட்டும், சீப்பில் பெரிய பேன் வந்துகொண்டே இருந்தால் மருத்துவரிடம் போங்கள். ஐவர்மெக்டின் 0.5% லோஷன் ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்குப் போடலாம். மாத்திரை 15 கிலோவுக்கு மேல் எடை உள்ளவர்களுக்கு மட்டும், எடைக்குக் கணக்குப் போட்டு மருத்துவர் எழுதித் தர வேண்டியது. பெரியவர்களுக்கு வாங்கிவைத்த மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். லிண்டேன் என்ற பழைய மருந்தை யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள், அது நரம்பைப் பாதிக்கும். தலையில் சீழ் கோத்த புண், பொன்னிறப் பொருக்கு, பிடரியில் நெறிகட்டு, காய்ச்சல் இருந்தால் இத்தனை நாள் கணக்குக்கும் காத்திருக்க வேண்டாம், சொறிந்த இடத்தில் கிருமி புகுந்திருக்கிறது. முதலில் அதற்கு வைத்தியம், புண்பட்ட தோலில் பேன் மருந்து பிறகுதான். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும், கர்ப்பிணிக்கும், பாலூட்டும் தாய்க்கும் எந்த மருந்தானாலும் கேட்டுவிட்டுப் போடுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்தத் தேதிக் குறிப்பையும், சீப்பில் கிடைத்த பேன் ஒன்றைச் செல்லோடேப்பில் ஒட்டியும் எடுத்துப் போங்கள்.