வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

போன வாரம் அப்பா, அம்மா, மகள் மூவரும் மேற்படிப்புக்கு யோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தார்கள். இரண்டாவது தடவையும் நீட்டில் மதிப்பெண் போதவில்லை. வீட்டை அடமானம் வைத்தாவது தனியார் மருத்துவக் கல்லூரியில் சேர்த்துவிடச் சொல்கிறாராம் தாய்மாமன். அரைமணி நேரம் அப்பாதான் பேசினார். மகள் சொன்னது ஒரே வரி: "எனக்கு ரத்தத்தைப் பார்த்தாலே ஆகாது சார், கெமிஸ்ட்ரிதான் பிடிக்கும்."

ஆறுதல் சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். ரத்தம் ஆகாத பெண்ணுக்காக வீட்டை வைத்துக் கடன் வாங்குவது தப்பு சார் என்றேன். கம்ப்யூட்டர், நர்சிங் பற்றியெல்லாம் ஊரே சொல்லும். நான் பாலிமர் வேதியியலைச் சொன்னேன், அதாவது சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பொருள்களைப் பற்றிய படிப்பு.

"பிளாஸ்டிக் குடமா?" என்றார் அப்பா. அதுவும்தான். ஆனால் ஒரு பாதி தண்ணீரோடு ஒட்டி, மறுபாதி தண்ணீரைக் கண்டு ஒதுங்கும் பாலிமர்களும் உண்டு. அதைக் குளோரோஃபார்மில் கரைத்து, உருண்டைக் குடுவையில் சுழற்றி ஆவியாக்கினால் சுவரில் மெல்லிய படலம் படியும், வடித்த கஞ்சி பாத்திரத்தில் காய்ந்து ஒட்டுமே, அதுபோல. அதில் தண்ணீர் ஊற்றினால் படலம் ஊறி, ஏடு ஏடாக உரியும். ஒதுங்கும் பாதி தண்ணீரில் படாமலிருக்க, ஏட்டின் ஓரங்கள் தாமாகவே வளைந்து மூடிக்கொள்ளும். உள்ளே தண்ணீர் நிறைந்த குமிழி தயார், உடம்புக்குள் மருந்தைச் சுமக்க. தண்ணீரில் கரையும் மருந்து அதன் வயிற்றில், கரையாதது சுவரில். 100 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) துளைகள் வழியே அழுத்தித் தள்ளி எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே அளவாக்குவார்கள்.

கொழுப்பில் இப்படிக் குமிழி உண்டாவதை இங்கிலாந்து விஞ்ஞானி பாங்கம் 1965இல் விளக்கினார். அந்தக் கொழுப்புக் குமிழியில் அடைத்த டாக்சில் என்ற புற்றுநோய் மருந்து 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தடித்த, உறுதியான சுவருள்ள பாலிமர் குமிழி 1999இல் வந்தது. பெரும்பாலும் இன்னும் ஆய்வகத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் ஆள் தேவை என்கிறேன்.

இது நீண்ட பாதை, மறைக்கவில்லை. பி.எஸ்சி.யோடு நின்றால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அரசுக் கல்லூரியில் வேதியியல், அப்புறம் ஜாம் தேர்வெழுதி ஐஐடியில் எம்.எஸ்சி., இல்லையென்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் பாலிமர் அறிவியல். சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் ஆராய்ச்சிக்கு மாதம் 37,000 ரூபாய் வரும். நீங்கள் கட்ட வேண்டியதில்லை, அவளுக்குத் தருவார்கள்.

மகள் கேட்டாள்: "மூடின குமிழியிலிருந்து மருந்து எப்படி சார் வெளியே வரும்?" பாலிலாக்டிக் அமிலம் போன்ற பாலிமர்கள் உடம்பிலுள்ள நீரில் மெல்ல அறுபட்டு, சுவர் பொத்தலாகும் என்றேன். நோட்டில் எழுதிக்கொண்டாள்.

சார், அரசுக் கல்லூரி விண்ணப்பத்தை இந்த வாரமே போட்டுவிடுங்கள். மாமாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.