டீச்சர் பதில்கள்: ஓ.எல். முடிந்தது, அடுத்து எங்கே?

கேள்வி: டீச்சர், நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். மகளுக்கு ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) ரிசல்ட் வந்துவிட்டது. கணிதம் ஏ, விஞ்ஞானம் பி, தமிழ் ஏ, ஆங்கிலம் மட்டும் எஸ் (சாதாரண பாஸ்). ஏ.எல்.லில் (உயர்தரத்தில்) பயோ, அதாவது உயிரியல் பிரிவு, படிக்க ஆசைப்படுகிறாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் கலைப்பிரிவு மட்டும்தான் உண்டு. பக்கத்திலேயே இருக்கிறதே, கலை படிக்கட்டும் என்கிறார் அவள் அப்பா. கொழும்பில் இருக்கும் என் தம்பி தன் வீட்டில் வைத்துப் படிக்கவைக்கிறேன் என்கிறான். என்ன செய்யட்டும்?

பதில்: தங்கச்சி, பிள்ளை பயோ படிக்கட்டும். கணிதத்தில் ஏ எடுத்து, ஆசையோடும் கேட்கிற பிள்ளையைப் பள்ளிக்கூடம் கிட்ட இருக்கிறது என்பதற்காகக் கலைப்பிரிவில் உட்கார வைக்கக் கூடாது. கலைப்பிரிவு குறைவானது என்று நான் சொல்லவில்லை. தமிழும் வரலாறும் பிடித்த பிள்ளை அதைத்தான் எடுக்க வேண்டும். உங்கள் மகள் கேட்பது வேறு.

ஆனால் கொழும்புக்கு அவசரப்பட்டு அனுப்பாதீர்கள். நம் ஆட்கள் நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம் இது. பல்கலைக்கழகத்துக்கு எடுக்கும்போது பெரும்பாலான படிப்புகளில் 40 வீதம் முழு இலங்கைக்கும் பொதுவான இசட் புள்ளி (ஏ.எல். மதிப்பெண்களை ஒப்பிட்டுக் கணக்கிடும் புள்ளி) வரிசைப்படி நிரம்பும். 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி பிரியும். மீதி 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு; நம் நுவரெலியா மாவட்டம் அதில் ஒன்று. பிள்ளை எந்த மாவட்டம் என்பதைத் தீர்மானிப்பது பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்களில் அவள் படித்த பாடசாலை. ஏ.எல். முழுவதையும் கொழும்பில் படித்தால் அவள் கொழும்பு மாவட்டப் பிள்ளையாகிவிடுவாள். அங்கே மருத்துவம் போன்ற படிப்புகளுக்கு வெட்டுப்புள்ளி, அதாவது இடம் கிடைக்கத் தேவையான குறைந்தபட்சப் புள்ளி, நம் மாவட்டத்தைவிடக் கூடுதல். தம்பியின் நல்ல மனசை நான் குறை சொல்லவில்லை. அவர் அந்த உதவியை டியூசன் காசாகவும் புத்தகமாகவும் அனுப்பட்டும்.

ஹட்டனுக்குப் போங்கள். ஹைலண்ட்ஸ் கல்லூரியில் தமிழ் மொழியில் விஞ்ஞானப் பிரிவு இருக்கிறது. ரிசல்ட் தாளோடு நீங்களும் மகளுடன் போய் அதிபரைப் பாருங்கள். யாராவது பெரியவரின் சிபாரிசு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நோர்வூட், டிக்கோயா வழியாக பஸ் இருக்கிறது, இ.போ.ச. (அரசு) பஸ்ஸில் மாணவர்களுக்கு சீசன் டிக்கெட் கிடைக்கும். மழைக்காலத்தில் தினமும் அவ்வளவு தூரம் போய் வருவது கஷ்டம்தான். ஹட்டனில் சொந்தக்காரர் வீடு இருந்தால் கிழமை நாட்களுக்காவது கேட்டுப் பாருங்கள்.

அவள் அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். பயோ என்றால் டாக்டர் மட்டும் இல்லை. விவசாயம், தாதியர் பட்டப்படிப்பு, ஆய்வுகூட வேலைக்கான படிப்பு எல்லாம் இருக்கிறது. பதுளை ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கே பட்டம் உண்டு. நீங்கள் எடுக்கிற கொழுந்து ஃபெக்டரிக்குப் போன பிறகு என்ன ஆகிறது என்று படித்த பிள்ளைகள் நம் தோட்டத்து லய வீடுகளிலிருந்து நிறைய வர வேண்டும், எனக்கு அது பெரிய ஆசை.

அப்புறம் அந்த ஆங்கில எஸ். ஏ.எல். தமிழில் எழுதலாம், பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானப் பாடங்கள் ஆங்கிலத்தில் நடக்கும். இப்போதே தொடங்கட்டும். பயோ பாடத்தின் ஆங்கிலச் சொற்களை ஒரு கொப்பியில் தமிழுக்கு எதிரே எழுதி வரட்டும்.

பிறப்புச் சான்றிதழையும் எடுத்துப் பாருங்கள். நம் பக்கத்தில் பிறப்புச் சான்றிதழில் லெட்சுமி, பள்ளிக்கூட இடாப்பில் லட்சுமி, அடையாள அட்டையில் இன்னொன்று என்று இருக்கும். ஆங்கில எழுத்தையும் சரி பாருங்கள். வித்தியாசம் இருந்தால் இப்போதே பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். அனுமதி வந்த பிறகு அலையக் கூடாது.

கேள்வி: எனக்கு ஓ.எல்.லில் கணிதம் ஃபெயில். மற்றப் பாடங்கள் பாஸ். மாமா தலவாக்கலையில் வயரிங் வேலைக்குக் கூட்டிப் போகிறார். வீட்டில் இதோடு படிப்பு முடிந்தது என்கிறார்கள். (மாணவன், அக்கரப்பத்தனை)

பதில்: முடியவில்லை தம்பி. கணிதத்தைத் திரும்ப எழுது, அதை விட்டுவிடாதே. மாமாவோடு வேலைக்கும் போ, ஆனால் சான்றிதழ் இல்லாமல் வருடக்கணக்கில் போகாதே. தொழிற்பயிற்சி அதிகாரசபை, நைட்டா (தொழில் பழகுநர்களுக்குப் பயிற்சி தரும் அரசு நிறுவனம்) இரண்டிலும் மின்னியலாளர் பயிற்சி பற்றிக் கேள். என்.வி.கியூ. எனும் தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழில் நிலை 4 கையில் இருந்தால் நீ தேர்ந்த தொழிலாளி. நிலை 5, 6 டிப்ளோமா. அதற்கு மேல் இரத்மலானையிலுள்ள யுனிவோடெக் எனும் தொழிற்கல்வித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நிலை 7 பட்டம் வரைக்கும் போகலாம். பல வருடம் வேலை செய்த உன் மாமாவும், செய்த வேலையைக் காட்டி மதிப்பீட்டுக்கு நின்று அதே சான்றிதழைப் பெற முடியும். இரண்டு பேரும் சேர்ந்தே போய் விண்ணப்பம் வாங்குங்கள்.